எண்பத்து மூன்று பேருக்கு ஒருத்தி

காலையில் லூர்துராஜ் செய்தித்தாள் படிக்கும் அரை மணி நேரம் அந்தப் பழங்காநத்தம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மிஷன் பள்ளியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, கடைசிப் பதினோரு வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தாளையே விரிப்பார். அந்த அரை மணி நேரத்துக்குக் கட்டுப்படாதது வீட்டில் ஒன்றே ஒன்றுதான். மருமகள் ஜோசபினின் கைபேசி.

அன்றைக்கும் அடித்தது. ஜோசபின் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தோசையைத் திருப்பினாள்.

“சொல்லுங்கம்மா… ஆமா, கிளாஸ் அட்வைசர்தான் பேசுறேன்… இல்லம்மா, பஸ் பாஸ் ஆபீஸ்ல கேக்கணும்… சரி, நானே கேட்டுச் சொல்றேன்.”

வைத்ததும் மறுபடி அடித்தது. தேர்வுக் கட்டணம் கட்ட நாளை கடைசி நாளா, நாளை மறுநாளா என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று. தோசை கருகியது.

“தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்னு ஒரு ரெக்கார்டு போட்டு விட்டுறலாம் ஜோ” என்றான் அவள் கணவன் ஜெய்சன், கருகிய தோசையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டே. மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன். “எங்க ஆபீஸ்ல கரண்டு போனாக் கூட இம்புட்டு போன் வராது.”

லூர்துராஜ் தாளைத் தாழ்த்தினார். “கேலி பண்ணாதடா. இத்தன பேரு இந்த வீட்டு ஆளத் தேடிக் கூப்புடுறான்னா அது மரியாதை. உன்னைய யாரு கூப்புடுறா?”

“என்னையத் திட்டத்தான்ப்பா கூப்புடுறாங்க.”

ஜோசபின் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரிப்பாள்.

வாடிப்பட்டிக்குப் போகும் நாற்கரச் சாலையோரம் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் அவள் வணிகவியல் துறை உதவிப் பேராசிரியர். பாடம் நடத்துவது ஒரு வேலை. அதற்கு மேல் கிளாஸ் அட்வைசர் என்ற பொறுப்பு. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் வருகை, மதிப்பெண், உதவித்தொகை விண்ணப்பம், வீட்டுச் சண்டை, காதல் தோல்வி, விடுதியில் சோறு சரியில்லை என்பது வரைக்கும் அட்வைசரிடம்தான் வரும். முதலில் அவளிடம் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். கூட இருந்த அட்வைசர்கள் இரண்டு பேர் போன வருடம் வேலையை விட்டுவிட்டார்கள். புதிதாக ஆள் எடுக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப் பேர் இவளிடம் வந்து சேர்ந்தார்கள். இப்போது எண்பத்து மூன்று பேர்.

இரண்டு மாதமாக மருமகளிடம் ஒரு மாற்றத்தை லூர்துராஜ் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் வந்தால் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பாள். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றமாட்டாள். பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைப்பார்களே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த பிறகு அவள் அவர் எதிரில் வந்து நின்றாள்.

“மாமா, ஒண்ணு சொல்லணும்.”

“உக்காந்து சொல்லும்மா.”

உட்காரவில்லை. “வெள்ளிக்கெழம ஒரு பிள்ளை வந்து எதுர உக்காந்து அழுதுச்சு. அவங்க அப்பாவுக்குக் கிட்னி போயிருச்சாம். முன்னாடியெல்லாம் யாராவது அழுதா எனக்கும் தொண்டை அடைச்சிரும். அன்னைக்கு ஒண்ணுமே தோணல. இவ எப்ப எந்திரிச்சுப் போவான்னு கடிகாரத்தப் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கே என்னப் பாத்தா பயமா இருக்கு மாமா. பிரின்சிபால்கிட்ட எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். பாதிப் பிள்ளைகள வேற ஆளுக்கு மாத்துங்க, என்னால முடியலன்னு.”

இத்தனையும் சொன்னதில் கடைசிச் சொல் மட்டுமே லூர்துராஜின் காதில் விழுந்தது.

“முடியலயா?” என்றார். “எங்கப்பா சர்ச்சுல உபதேசியாரா இருந்துக்கிட்டே ஓலக் கொட்டகைல அஞ்சு வகுப்ப ஒத்த ஆளா நடத்துனவரு. நான் முப்பத்தாறு வருசத்துல ஒரு நாள் மெடிக்கல் லீவு போட்டதில்ல. உன் அத்தை செத்த மூணாம் நாளு பள்ளிக்கூடத்துல போயி நின்னவன். வாத்தியார் குடும்பம்னு சொல்லித்தான் உன்னையப் பொண்ணெடுத்தோம். இந்த வீட்ல யாரும் முடியலன்னு காகிதத்துல எழுதிக் குடுத்ததில்லம்மா. நீ மொதல் ஆளா இருக்காத.”

ஜோசபின் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் அவருக்கும் மனது கொஞ்சம் இளகியது. கல்நெஞ்சுக்காரர் அல்ல அவர். குடும்பப் பெயருக்குப் பங்கம் வராமல் மருமகளுக்கு உதவ ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்தார்.

“எதும்மா உனக்கு ரொம்பச் செரமம்?”

“காலைல வீடு வீடா போன் பண்றதுதான் மாமா.”

முதல் பாடவேளை முடிந்ததும், வராத பிள்ளைகளின் பட்டியல் வரும். பதினோரு மணிக்குள் அத்தனை பேருடைய பெற்றோரையும் அழைத்து, ஏன் வரவில்லை என்று கேட்டு, சொன்ன பதிலை எழுதி வைக்க வேண்டும். கல்லூரியின் கட்டளை அது. அதற்கென்று தனியாக ஒரு கைபேசியும் கொடுத்திருந்தார்கள்.

“அந்தப் போன என்கிட்டக் குடு. நான் பேசுறேன்.”

“காலேஜுக்குத் தெரிஞ்சா?”

“யாரு போயிச் சொல்லப் போறா? வீட்டு விசயம் வீட்டுக்குள்ள இருக்கட்டும்.”

வேண்டாம் என்று சொல்லும் தெம்பு கூட அவளிடம் இல்லை. மறுநாள் கைபேசியையும் பெற்றோர் எண்கள் அடங்கிய பட்டியலையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

லூர்துராஜுக்குப் பத்து வயது குறைந்தது போல் இருந்தது. ஒரு நோட்டில் கோடு போட்டுத் தலைப்பு எழுதினார். ஒன்பதே முக்காலுக்கு மருமகளிடமிருந்து வாட்சப்பில் எண்கள் வரும். பதினேழு, இருபத்து மூன்று, ஐம்பத்தெட்டு என்று வகுப்பு எண்கள் மட்டும். முதல் மணி ஆசிரியர் அனுப்பியதை ஜோசபின் திறந்து கூடப் பார்க்காமல் இவருக்குத் தள்ளிவிடுவாள். இவர் பட்டியலில் பெயரைத் தேடி, தொண்டையைச் செருமிக்கொண்டு, “காலேஜ்ல இருந்து பேசுறேன்” என்று ஆரம்பிப்பார். மருமகளின் கல்லூரி நம் கல்லூரிதானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டார். அந்தக் குரலுக்கு எதிர்முனையில் பெற்றோர்கள் எழுந்து நிற்பது அவருக்குக் கேட்டது.

மூன்றே வாரத்தில் வகுப்பின் வருகை கூடியது. ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் ஜோசபினின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அந்தச் செய்தியை லூர்துராஜ் ஜெய்சனிடம் மூன்று தடவை சொன்னார். ஆனாலும் சாயங்காலம் ஜோசபின் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருப்பது மட்டும் நிற்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நாற்பத்தொன்றாம் எண் வந்தது. முத்துமீனா, மூன்றாம் ஆண்டு, சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். தந்தை சின்னச்சாமி. அழைத்தார், எடுக்கவில்லை. செவ்வாயும் அதே எண், அதே கதை. நோட்டில் இரண்டு நாளும் சிவப்பு மையில் ‘எடுக்கவில்லை’ என்று எழுத வேண்டியிருந்தது அவருக்கு எரிச்சலாக இருந்தது. புதன்கிழமை எடுத்தார்கள்.

“யாருங்க?”

“காலேஜ்ல இருந்து பேசுறேன். முத்துமீனா அப்பாதான?”

“ஆமாங்கய்யா. கொடிக்கால்ல வெத்தல கிள்ளிக்கிட்டிருந்தேன், அதான் நேத்தெல்லாம் போனப் பாக்கல. என்னங்கய்யா, பீஸு கட்டியாச்சே?”

“பீஸ் விசயம் இல்ல. உங்க மக மூணு நாளாக் காலேஜுக்கு வரல.”

தூரத்தில் மோட்டார் தண்ணீர் இறைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“இல்லீங்களேய்யா. தெனமும் நானேதான் பஸ்ஸு ஏத்தி விடுறேன். இன்னைக்கும் ஏத்தி விட்டேனே?”

அந்தப் பெண்ணை அறிந்த யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். முதலில் பிள்ளையிடம் கேட்டிருப்பார்கள். லூர்துராஜுக்கு அந்தப் பெண் ஒரு எண். இரண்டு நாள் எடுக்காத போனின் கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

“பஸ்ல ஏத்தி விட்டாப் போதுமா? எங்க எறங்குறா, யாரு கூடப் போறான்னு பாக்க வேண்டாமா? வயசுப் பிள்ளை. நாளைக்கு ஒண்ணுன்னா குடும்ப மானம் என்ன ஆகுறது? மொதல்ல அத விசாரிங்க.”

“சரிங்கய்யா” என்ற குரலில் ஈரம் வற்றியிருந்தது.

‘தந்தையிடம் கண்டிப்புடன் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

மறுநாளிலிருந்து தினமும் நாற்பத்தொன்று வந்தது. ஒரு வாரம் யாரும் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை சின்னச்சாமியே எடுத்தார்.

“இனிமே அவ வரமாட்டாய்யா. படிச்ச வரைக்கும் போதும். எங்க அக்கா மகனுக்குப் பேசி முடிச்சிட்டோம், வார வெள்ளிக்கெழம பூ வைக்கிறோம். நீங்க மட்டும் சொல்லலேன்னா நாங்க ஏமாந்தே போயிருப்போம். எங்க மானத்தக் காப்பாத்துனீக. நல்லா இருக்கணும்யா.”

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் படிப்பை நிறுத்துகிறார்களே என்று லூர்துராஜுக்கு ஒரு கணம் உறுத்தியது. ஆனால் ‘மானத்தைக் காப்பாற்றினீர்கள்’ என்ற சொல் அந்த உறுத்தலை மூடிவிட்டது. சாயங்காலம் காபி குடிக்கும்போது பெருமையோடு மருமகளிடம் சொன்னார்.

ஜோசபின் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நாப்பத்தொண்ணா மாமா? முத்துமீனாவா?”

“ஆமா. மூணு நாளு எங்கயோ சுத்திட்டு வந்திருக்கா.”

“அது என்கிட்டச் சொல்லிட்டுத்தான் மாமா போச்சு.”

மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று நாள் தேர்வும் பயிற்சியும் நடந்தன. தேறினால் ஜூன் மாதம் வேலை. மகளை வேலைக்கு அனுப்பச் சின்னச்சாமிக்கு இஷ்டமில்லை. அதனால் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, அட்வைசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அந்தப் பெண் போயிருந்தாள்.

“போயிட்டு வா, நான் ஓ.டி. போட்டுக்கிடுறேன்னு சொன்னேன் மாமா” என்றாள் ஜோசபின். கல்லூரி அனுமதியோடு வெளியே போனால் ஓ.டி. என்று குறித்து, வந்ததாகவே கணக்கில் வைத்துக்கொள்வார்கள். “சொல்லிட்டு மறந்துட்டேன். ரெண்டு வாரமா நாப்பத்தொண்ணுன்னு நானேதான் உங்களுக்கு அனுப்பிக்கிட்டிருந்திருக்கேன். அது யாருன்னு கூடப் பாக்கல. அந்த வீட்ல பேசணும்னா அம்மாகிட்டத்தான் பேசணும், அப்பாகிட்டப் பேசக்கூடாது. மூணு வருசமா எனக்கு அது தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கைபேசியை எடுத்து எதையோ தேடினாள். முத்துமீனாவிடமிருந்து பத்து நாளுக்கு முன்பு வந்த ஒரு செய்தி திறக்கப்படாமல் கிடந்தது: ‘மேம், செலக்ட் ஆயிட்டேன்.’

அவள் அழவில்லை. டம்ளரைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்து விட்டுக் கையை நீட்டியபடி அப்படியே நின்றாள். டம்ளர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஜெய்சன் வேலையிலிருந்து வந்துதான் குழாயை மூடினான்.

மறுநாள் காலை அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சேலையைப் பாதி கட்டியிருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. ஜெய்சன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மாதக்கணக்காகச் சரியான தூக்கமில்லை, இரண்டு வாரம் வேலையை நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

“ரெண்டு வாரமா?” என்றார் லூர்துராஜ். “ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சா…”

ஜெய்சன் செருப்பைக் கூடக் கழற்றாமல் திரும்பினான். கேலி பேசும் பையனின் முகம் அதுவல்ல.

“அம்மா செத்த மூணாம் நாளு பள்ளிக்கூடம் போனேன், பள்ளிக்கூடம் போனேன்னு இருவத்தெட்டு வருசமாச் சொல்றீங்களேப்பா. அன்னைக்கு நானும் தங்கச்சியும் என்ன சாப்பிட்டோம்னு தெரியுமா உங்களுக்கு? அடுப்படில உக்காந்து பன்னப் பச்சத் தண்ணில நனைச்சுத் தின்னோம். தங்கச்சி, அம்மா வரும்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தா. அந்த ஒரு நாள் நீங்க லீவு போட்டிருந்தா எங்களுக்கு அப்பாவாவது இருந்திருப்பாரு.”

லூர்துராஜ் பெருமை என்று இத்தனை வருடம் சுமந்ததன் மறுபக்கத்தில் இரண்டு பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிச் சோழவந்தான் போனார். அங்கிருந்து ஆட்டோ. வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். ‘கல்லூரியில் ஒரு சின்னக் குழப்பம் நடந்துவிட்டது’ என்று ஆரம்பிக்கலாம். யார் செய்த குழப்பம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொடிக்காலை ஒட்டி அகத்தி நிழலில் சின்னச்சாமியும் மனைவி தங்கப்பொண்ணுவும் மகளும் வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தார்கள். லூர்துராஜ் வாய் திறந்ததும் சின்னச்சாமி குரலை அடையாளம் கண்டுகொண்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

“வாங்கய்யா, வாங்க! ஏ தங்கப்பொண்ணு, யாரு வந்திருக்காகன்னு பாரு. நம்மள எச்சரிச்ச காலேஜ் சாரு! அந்தச் சேர எடுத்தா. ஐயா, கலர் குடிக்கிறீகளா?”

முத்துமீனா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து இலையை எண்ணினாள். கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. லூர்துராஜ் நாற்காலியில் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

“சின்னச்சாமி, நான் காலேஜ் ஆள் இல்ல. உங்க மகளோட மேடத்துக்கு மாமனார். அவ வேலைப்பளு தாங்காமக் கெடந்தா. அவளுக்குப் பதிலா வீட்ல இருந்து நான்தான் போன் பேசுனேன். உங்க மக மேடத்துகிட்ட அனுமதி வாங்கிட்டு வேலைக்கான பரீட்சைக்குத்தான் போயிருக்கு. விவரம் தெரியாமப் பேசிட்டேன். தப்பு என் மேல.”

எழுபது வயதில் அவர் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சின்னச்சாமியின் கையிலிருந்த நார் அப்படியே நின்றது. “காலேஜ் ஆளு இல்லயா? வீட்ல உக்காந்துக்கிட்டா பேசுனீக? எம் மக மூஞ்சியக் கூடப் பாத்ததில்ல நீங்க. அது எங்க போச்சு, எதுக்குப் போச்சுன்னு தெரியாம மானம்னு சொன்னீகளேய்யா! இருவது வருசமா நான் இந்தப் பிள்ளைய ஒத்த அடி அடிச்சதில்ல.”

“நான் சொன்னப்ப நம்புனீகளா?” என்றாள் தங்கப்பொண்ணு. “ஆத்தாளும் மகளும் சேந்துக்கிட்டு நாடகம் ஆடுறீகன்னு என்னையும்தான் பேசுனீக. வெள்ளச் சட்ட போட்ட மனுசன் போன்ல சொன்னா வேதம்.”

“சட்ட எப்படிடி போன்ல தெரியும்?” என்று சின்னச்சாமி சீறினார். ஆனால் சீற்றத்தில் உயிரில்லை.

முத்துமீனாதான் அடுத்துப் பேசினாள். “மேடத்துக்கு என்ன சார்?”

“ஒடம்பு முடியலம்மா. படுத்திருக்கா.”

“எங்க கிளாஸ்ல எல்லாத்துக்கும் தெரியும் சார், அவங்க நல்லா இல்லன்னு. முன்னாடி ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லித்தான் கூப்புடுவாங்க. வீட்ல என்ன சாப்பாடுன்னு வரைக்கும் கேப்பாங்க. ரெண்டு மாசமா நம்பரச் சொல்லிக் கூப்புடுறாங்க. எங்களுக்கே தெரிஞ்சுச்சு. வீட்ல யாருக்கும் தெரியலயா சார்?”

தலைமையாசிரியராக இருந்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கேள்வி கேட்டு நிற்க வைத்தவர், அந்தக் கேள்விக்கு முன்னால் தலை குனிந்து நின்றார்.

சின்னச்சாமி மகளைப் பார்த்துவிட்டுப் பேசினார். “ஊரு பூரா எம் மக மூணு நாளு காணாமப் போனதாப் பேசுதுய்யா. நீங்க வந்து என்கிட்டத் தப்புன்னுட்டீக, சரி. ஊருக்கு யாரு சொல்லுவா? அனுமதியோடதான் போனான்னு காலேஜ்ல சீல் வச்சு எழுதிக் குடுங்க. அத நாலு பேரு முன்னாடி வாசிச்சுட்டு, பூ வைக்கிறதத் தள்ளிப் போட்டு, இவளப் பரீட்சைக்கு அனுப்புறேன். வேலையா, கல்யாணமாங்கிறத அதுக்கப்புறம் பாப்போம். வெறும் பேச்சு வேணாம். பேச்சாலதான் இம்புட்டும்.”

டாக்டர் சொன்ன இரண்டு வாரத்தை மீறி ஜோசபின் மறுநாள் கல்லூரிக்குக் கிளம்பினாள். “இது வேலை இல்ல, என் கடன்” என்றாள். ஜெய்சன் வண்டியில் கொண்டு வந்து விட்டான். லூர்துராஜும் கூட வந்தார்.

முதல்வர் பீமாராவ் கெட்ட மனிதர் அல்ல. ஐந்து பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேரை வைத்து ஓட்டச் சொல்லி நிர்வாகம் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“மேடம், சுலபமா முடிச்சிருவோம். சொல்லாமப் போனது தப்புன்னு அந்தப் பொண்ணு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதட்டும். ஹால் டிக்கெட் குடுத்துருவோம். உங்க பேரு எதுலயும் வராது. பதினாலு வருச சர்வீஸ்ல எதுக்கு ஒரு கரும்புள்ளி?”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், லூர்துராஜின் மனது அந்தப் பக்கம் சாய்ந்தது. குடும்பத்தின் பெயர் வெள்ளையாகவே இருந்துவிடும். ஆனால் அந்த வெள்ளைக்காக ஒரு கொடிக்கால் வீட்டுப் பெண் காலமெல்லாம் ஊர்ப் பேச்சைச் சுமக்க வேண்டும். தன் வீட்டுக்கு இருக்கும் மானம்தானே சின்னச்சாமி வீட்டுக்கும் என்பது அவருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது.

“வேண்டாம் சார்” என்றாள் ஜோசபின், அவர் வாய் திறப்பதற்குள். “ஒரு தாள் குடுங்க.”

எழுதினாள். முத்துமீனா என் அனுமதியுடன்தான் சென்றார். பதிவேட்டில் குறிக்க மறந்தது நான். வீட்டுக்குத் தவறான செய்தி போனதும் அதனால்தான். எண்பத்து மூன்று பேரைக் கவனிக்க என்னால் முடியவில்லை.

“போன்ல பேசுனது நான்னும் எழுதும்மா” என்றார் லூர்துராஜ். “என் பேரப் போட்டே எழுது.”

“மாமா…”

“எழுது.”

பீமாராவ் அதைப் படித்தார். சின்னச்சாமிக்குத் தர வேண்டிய சான்றைத் தட்டச்சு செய்யச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். மறுநாள் பூ வைக்கும் வெள்ளிக்கிழமை; மத்தியானத்துக்குள் அது சோழவந்தான் போய்ச் சேர வேண்டும். பிறகு ஜோசபினின் தாளை மறுபடி எடுத்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இந்த வரி மட்டும் வேண்டாமே. ‘என்னால் முடியவில்லை’ன்னு எழுத்துல இருந்தா நிர்வாகம் உங்களையே மாத்திரும். என்னையும் கேள்வி கேக்கும். சார், நீங்க ஹெட்மாஸ்டரா இருந்தவரு. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே சொல்லுங்க, இத அடிச்சிரலாமா?”

லூர்துராஜ் எழுந்து நின்றார். நிமிர்ந்தே பேசிப் பழகிய உடம்பு, நிமிர்ந்துதான் நின்றது. குரல் மட்டும் தழைந்திருந்தது.

“அந்த வரிதான் சார் முக்கியம். ஒரு மாசத்துக்கு முன்னாடியே அத எழுதுறேன்னு இவ என்கிட்ட வந்து நின்னா. குடும்ப கௌரவம்னு சொல்லி நான்தான் வாய அடைச்சேன். நாப்பது பேரப் பாக்குறவகிட்ட எண்பத்து மூணு பேரத் தள்ளி விட்டுட்டு, வருகை கூடிருச்சுன்னு நீங்க கூட்டத்துல கை தட்டுனீங்க. நான் வீட்ல கை தட்டுனேன். இவளுக்கு என்ன ஆச்சுன்னு ரெண்டு பேரும் கேக்கல. ஓடுற வண்டியக் கூட நிறுத்தி ஆயில் பாக்குறோம். பிள்ளைகளப் பாத்துக்கிட ஒருத்திய வச்சோமே, அவளப் பாத்துக்கிட யாரையாவது வச்சோமா?”

பீமாராவ் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார்.

“களைச்சுப் போனேன்னு சொல்றதுல அவமானம் ஒண்ணும் இல்ல சார். எழுபது வயசுல இப்பத்தான் படிச்சேன். ஒரு ஆசிரியர் முடியலன்னு சொன்னா அன்னைக்கே கேட்டு, பாரத்தக் கொறைச்சு, ஓய்வு குடுத்துரணும். அன்னைக்குக் கேக்கத் தவறுனா, அதுக்குண்டான தண்டனைய நீங்களும் அனுபவிக்க மாட்டீங்க, நானும் அனுபவிக்க மாட்டேன். யாரு வீட்டுப் பிள்ளையோ அனுபவிக்கும்.”

பீமாராவ் பேனாவைத் திறந்தார். அந்த வரியை அடிக்கவில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு அனுப்பச் சொன்னார்.